காஸியை மூழ்கடித்தது ராஜ்புத்தானா? ஒரு பழைய நாசகாரிக் கப்பலின் கதை

கேள்வி இதுதான்: 1971 போரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கியை மூழ்கடித்த ஐ.என்.எஸ். ராஜ்புத்தான் 2021-இல் ஓய்வு பெற்ற கப்பலா? அப்புறம், அதுதான் காஸியை மூழ்கடித்தது என்று சொல்வது எவ்வளவு தூரம் சரி?

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். அவை ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு கப்பல்கள். 1971-இல் இருந்த ராஜ்புத், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் கப்பல், 1976-இல் உடைக்கப்பட்டுவிட்டது. 2021-இல் ஓய்வு பெற்றது சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1980-இல் வந்த ராஜ்புத். இரண்டாவது கப்பல் ஓய்வு பெற்ற சமயத்தில், "காஸியை அழித்த கப்பலுக்குப் பிரியாவிடை" என்று வாட்ஸாப்பில் சுற்றிய வாழ்த்துகள்தான் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம். பெயர் ஒன்று, துறைமுகமும் ஒன்று, மாறிப்போனதில் ஆச்சரியமில்லை.

சிக்கலான கேள்வி இரண்டாவதுதான். அதற்கு அந்தப் பழைய கப்பலின் கதையைக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க்கில் உள்ள ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் 1942 மார்ச்சில் அது நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் எச்.எம்.எஸ். ராதர்ஹாம். அதே ஆண்டு ஆகஸ்டில் பணிக்கு வந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் 'ஆர்' வகுப்பு நாசகாரிகளில் இது தலைமைக் கப்பல். அதாவது, அந்தக் குழுவை நடத்தும் அதிகாரி இதில்தான் இருப்பார். நீளம் ஏறக்குறைய 109 மீட்டர். நான்கு 4.7 அங்குலப் பீரங்கிகள், எட்டு டார்பிடோ குழாய்கள், 40,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன்கள், புதிதாக இருந்தபோது 36 நாட் வேகம். நீர்மூழ்கிகளைத் தாக்க, பின்தளத்திலிருந்து உருட்டிவிடும், நீருக்கடியில் போய் வெடிக்கும் 'டெப்த் சார்ஜ்' குண்டுகள். இந்தக் கடைசி ஆயுதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அதில்தான் போய் நிற்கப்போகிறது.

இந்த வகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன மாற்றம் உண்டு. அதற்கு முந்தைய நாசகாரிகளில் அதிகாரிகளின் அறைகள் கப்பலின் பின்கோடியில் இருந்தன. கப்பலை ஓட்டும் மேடையோ முன்பக்கம். கடல் கொந்தளித்தால் அலை புரளும் திறந்த தளத்தைக் கடந்துதான் பணிக்கு வந்துசேர வேண்டும். 'ஆர்' வகுப்பில் அறைகளை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். போர் மூண்டு வட அட்லாண்டிக்கில் அடிபட்ட பிறகுதான் இந்தப் புத்தி வந்தது என்பது வேறு விஷயம்.

அட்லாண்டிக்கில் துணைக்காவல் பணி செய்த ராதர்ஹாம், பிறகு இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கிழக்குக் கடற்படையில் சேர்ந்தது. 1944-இல் சுமத்ராவின் வடமுனையிலுள்ள சபாங் மீது விமானந்தாங்கிகள் தாக்குதல் நடத்தியபோது துணை நின்ற நாசகாரிகளில் இதுவும் ஒன்று. பெரிய கடற்சண்டை எதிலும் இது பேர் வாங்கவில்லை. ஆனால் 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்ததும், சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் சரணாகதியை ஏற்றுக்கொண்டவர் இந்தக் கப்பலின் தலைவர்தான். அந்தத் தளத்தின் வாயிலுக்கே 'ராதர்ஹாம் கேட்' என்று பெயர் வந்தது.

சுதந்திரம் வந்ததும் இந்தியா தன் கடற்படைக்குக் கப்பல் தேடியது. புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, பொறுமையாகக் காத்திருக்க நேரமும் இல்லை. பிரிட்டனிடம் போரிலிருந்து மிஞ்சிய கப்பல்கள் ஏராளமாக இருந்தன. 1948-இல் அக்கிலிஸ் என்ற குரூஸர் ஐ.என்.எஸ். டெல்லியாக வந்தது. அடுத்து மூன்று 'ஆர்' வகுப்பு நாசகாரிகள்: ராதர்ஹாம் ராஜ்புத் ஆனது, ரிடவுட் ரஞ்சித் ஆனது, ரெய்டர் ராணா ஆனது. 1949 ஜூலையில் ராஜ்புத் இந்தியக் கொடியை ஏற்றியது.

அடுத்த இருபது வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். பயிற்சி, நல்லெண்ணப் பயணம், கூட்டு ஒத்திகை. அமைதிக்கால நாசகாரியின் வாழ்க்கை எங்கும் இப்படித்தான். 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையின்போது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துடன் நின்ற குழுவில் ராஜ்புத் இருந்தது. பீரங்கிச் சண்டை மர்மகோவா பக்கம் நடந்தது. அதில் ஈடுபட்ட இந்தியக் கப்பல்கள் பேத்வாவும் பியாஸும்.

1971 வந்தபோது ராஜ்புத்துக்கு வயது இருபத்தொன்பது. நாசகாரிக்கு அது முதுமையையும் தாண்டிய வயது. மெல்லிய தகடு, ஓயாமல் அதிரும் இயந்திரம், உப்புக் காற்று. இருபது வருடங்களிலேயே உடல் தளர்ந்துவிடும். பழைய வேகம் இல்லை. பணியிலிருந்து விலக்குவதற்காகத்தான் அதை விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

அங்கே கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் கையில் இருந்த மிகப் பெரிய துருப்புச்சீட்டு விக்ராந்த். கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களை அடைத்துப் போடவும் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது விமானத் தாக்குதல் நடத்தவும் அது இல்லாமல் முடியாது. ஆனால் விக்ராந்தின் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்துபோன விமானந்தாங்கி, நீர்மூழ்கிக்குச் சுலபமான இரை.

பாகிஸ்தானுக்கும் இது தெரியும். அவர்களிடம் பிரெஞ்சுத் தயாரிப்பான டாஃப்னே வகுப்பு நீர்மூழ்கிகள் இருந்தாலும், கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடா வரை வந்து தங்கி வேட்டையாடும் வீச்சு ஒன்றுக்குத்தான் இருந்தது. அது அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற காஸி. அமெரிக்கக் கடற்படையில் டயாப்லோ என்ற பெயரில் இருந்து, 1960-களின் நடுவில் பாகிஸ்தானின் முதல் நீர்மூழ்கியான கப்பல். இடையில் துருக்கியில் பழுதுபார்த்தபோது கண்ணிவெடிகளை விதைக்கும் வசதியும் சேர்ந்தது. கமாண்டர் ஜாஃபர் முகமது கான் தலைமையில் 1971 நவம்பர் 14 அன்று அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

இந்திய உளவுக்குத் துப்பு கிடைத்த விதம் சுவாரசியமானது. சிட்டகாங்கில் இருந்த கடற்படை அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் இருக்கிறதா என்று விசாரித்து ஒரு செய்தி போனது. கேட்ட எண்ணெய் நீர்மூழ்கிகளிலும் கண்ணிவாரிக் கப்பல்களிலும் பயன்படுவது. கிழக்கே பாகிஸ்தானிடம் இரண்டுமே கிடையாது. அப்படியென்றால் ஒரு நீர்மூழ்கி வந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் வரக்கூடியது காஸி மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் விக்ராந்த் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போய், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு நங்கூரத் துறையில் ஒளிந்துகொண்டது. ஆனால் அது விசாகப்பட்டினத்தின் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்ப வேண்டும். அந்த நடிப்புக்குக் கிருஷ்ணன் தேர்ந்தெடுத்தது, உடைக்கப் போகவேண்டிய ராஜ்புத்தை.

அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். கட்டளை எளிமையானது: விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 160 மைல் வெளியே போய், விக்ராந்தின் அழைப்புக் குறியைப் போட்டு, ஒரு விமானந்தாங்கி எவ்வளவு வானொலிச் செய்தி அனுப்புமோ அவ்வளவும் அனுப்பு. சாதாரணமாகப் போர்க்கப்பல்கள் வாயை மூடிக்கொண்டு போகும். இது வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு போனது. கரையிலும் நாடகம் நடந்தது. ஒரு பெரிய கப்பலில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போதுமான அளவில் இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று விசாகப்பட்டினம் ஒப்பந்தக்காரர்களிடம் ஆர்டர் போனது. சந்தையில் பேச்சு அடிபடட்டும் என்றுதான். விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி உடம்பு சரியில்லாத தன் தாயின் நலத்தை விசாரிப்பதுபோல, ரகசியக் குறியீடு ஏதுமில்லாத சாதாரணத் தந்தி ஒன்றையும் அனுப்ப வைத்தார்கள். ரகசியம் கசிவது மேலிருந்து வந்த கட்டளையால் அல்ல, கவனக்குறைவால்தான் என்று எதிரிக்குத் தோன்ற வேண்டுமல்லவா! இவற்றையெல்லாம் கிருஷ்ணனே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

நவம்பர் 23 வாக்கில் காஸி சென்னைக்கு வெளியே விக்ராந்தைத் தேடிக்கொண்டிருந்தது. விக்ராந்த் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. பிறகு அது வடக்கே திரும்பி விசாகப்பட்டினம் நோக்கி வந்தது. பொய்ச் செய்திகள் வேலை செய்தன.

இனி அந்த இரவு. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே இந்திய விமானத் தளங்களைத் தாக்கின, போர் தொடங்கியது. விசாகப்பட்டினம் முழு இருட்டடிப்பில். துறைமுகத்தின் வழிகாட்டி விளக்குகளும் அணைக்கப்பட்டிருந்தன. நடிப்பை முடித்துத் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்த ராஜ்புத், நள்ளிரவுக்குச் சற்று முன் மறுபடி கிளம்பியது. வெளியே நீர்மூழ்கி இருக்கக்கூடும், கால்வாயைத் தாண்டியதும் வேகம் எடு என்று இந்தர் சிங்குக்கு ஏற்கெனவே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது.

குறுகிய கால்வாயின் வெளி மிதவைக்குப் பக்கத்தில், அதுவரை கப்பலுக்கு வழிகாட்டி வந்த துறைமுக பைலட் படகில் இறங்கிக்கொண்டார். நீர்மூழ்கிக்காரன் துறைமுக வாசலில் காத்திருந்தால் அந்த நேரத்தைத்தான் விரும்புவான்: கப்பல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, இருபுறமும் ஆழம் குறைவு, திரும்ப இடமில்லை. பைலட் இறங்கியதும் இந்தர் சிங் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முன்னே வலப்பக்கமாக நீர் கலங்குவதாகக் காவல் மாலுமி குரல் கொடுத்தார். நீர்மூழ்கி அவசரமாக உள்ளே இறங்கும்போது மேலே தெரியும் சுழிப்பாக அது இருக்கலாம். அந்தப் பழைய இயந்திரம் கொடுக்கக்கூடிய முழு வேகத்தில் ராஜ்புத் அந்த இடத்துக்கு விரைந்து, சுமார் 12.15 மணிக்கு இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டது. சில நிமிடங்கள் கழித்துக் கப்பலையே உலுக்கும் பெரிய வெடிப்பு ஒன்று கேட்டது. கரையில் வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

ராஜ்புத் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு எதுவும் படாததால் தன் வழியே போனது. காலையில் மீனவர்கள் சில மிதக்கும் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ப் படலமும் தெரிந்தது. பிறகு மூழ்கு வீரர்கள் இறங்கி, அடியில் கிடப்பது காஸிதான் என்று உறுதிசெய்தார்கள். அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உள்ளிருந்து எடுக்கப்பட்ட ஒரு கடிகாரம், குண்டு போட்ட நேரத்தை ஒட்டியே நின்றுபோயிருந்தது என்று இந்தியத் தரப்பு சொன்னது. இந்தர் சிங்குக்கு வீர் சக்ரா கிடைத்தது.

கதை இத்தோடு நின்றிருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பிரச்சினை சிதைவில் இருக்கிறது. நீர்மூழ்கியின் முன்பகுதி, அதாவது டார்பிடோக்களும் கண்ணிவெடிகளும் இருந்த இடம், உள்ளிருந்து வெடித்ததுபோல் தகடுகள் வெளிப்புறமாகப் பிளந்து கிடந்தன என்று மூழ்கு வீரர்களின் அறிக்கைகள் வழியாக வெளியே வந்தது. டெப்த் சார்ஜ் வெளியே வெடித்து நீரின் அழுத்தத்தால் உடலை உள்நோக்கி நசுக்கும். அது மட்டுமே காரணமாக இருந்தால் தடயம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

பாகிஸ்தான் தரப்பு ராஜ்புத்தின் பங்கை ஏற்பதே இல்லை. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஸி மாட்டிக்கொண்டது, அல்லது தற்செயலாக உள்ளே வெடிப்பு நிகழ்ந்தது என்பது அவர்கள் வாதம். மின்கலங்களை ஏற்றும்போது வெளியாகும் ஹைட்ரஜனைச் சரியாக வெளியேற்றாவிட்டால் ஒரு பொறி போதும். பழைய டீசல் நீர்மூழ்கிகளில் இது எப்போதும் உள்ள அபாயம். இந்தியாவிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. 1971 போரில் தரைப்படையின் கிழக்குக் கட்டளையில் முக்கியப் பங்கு வகித்த லெப்டினன்ட் ஜெனரல் ஜேக்கப், காஸி தற்செயல் விபத்தில்தான் மூழ்கியது என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். காஸி தொடர்பான கடற்படைக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் பத்திரிகைகளில் செய்தியும் வந்தது. சந்தேகம் வளர இதைவிட நல்ல உரம் வேண்டுமா?

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. கிருஷ்ணனே தன் விவரணையில் குண்டு நேராகப் பட்டு உடைந்தது என்று சொல்லவில்லை. நாசகாரியின் சத்தம் கேட்டு காஸி அவசரமாகத் தலைகீழாகப் பாய்ந்திருக்க வேண்டும், அந்த ஆழமற்ற இடத்தில் மூக்கு தரையில் மோதி, முன்பகுதியில் தீப்பிடித்து, அங்கிருந்த வெடிபொருள்கள் வெடித்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஊகம். சிதைவின் தடயத்தோடு இது ஒத்துப்போகிறது, ராஜ்புத்தின் நேரத்தோடும் ஒத்துப்போகிறது. எனக்கும் இதுவே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஆனாலும் இது ஊகம்தான். குண்டு விழுந்த நேரமும் வெடிப்பும் அருகருகே இருப்பது வலுவான சாட்சி, முடிவான சாட்சி அல்ல.

"ராஜ்புத் காஸியை மூழ்கடித்தது" என்று மார்தட்டுவதையும், "ராஜ்புத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை" என்று ஒதுக்குவதையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது: காஸி அன்றிரவு அந்த இடத்தில் இருந்ததற்குக் காரணம், அங்கே இல்லாத ஒரு விமானந்தாங்கி இருப்பதாக அது நம்பியது. அந்த நம்பிக்கையை ஊட்டிய வேலையில் ராஜ்புத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் நான்கு பீரங்கிகளும் எட்டு டார்பிடோ குழாய்களும் செய்யாததை வானொலிப் பெட்டி செய்தது.

இன்னொரு மிகையையும் திருத்திவிடுகிறேன். "காஸி மூழ்கியதால்தான் விக்ராந்த் தாக்குதலுக்குப் போக முடிந்தது" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கியது டிசம்பர் 4 காலையில். அப்போது விசாகப்பட்டினத்திலேயே யாருக்கும் எது மூழ்கியது என்று உறுதியாகத் தெரியாது. காஸி எங்கோ இருக்கிறது என்ற ஆபத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் விக்ராந்த் கிளம்பியது. காஸியின் அழிவை இந்தியா அறிவித்தது டிசம்பர் 9 அன்று. அதே நாள் இரவு அரபிக்கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது என்பது அந்தப் போரின் கொடுமைகளில் ஒன்று.

சிதைவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தூக்கித் தருகிறோம் என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முன்வந்ததாகவும் இந்தியா மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. 2024-இல் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் அதன் இடத்தைக் கண்டதாகச் செய்தி வெளியானது. மாண்டவர்களின் கல்லறையாகக் கருதி அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அதே கடற்கரைக்கு வெளியே இன்னொரு நீர்மூழ்கியும் கிடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது: 1944 பிப்ரவரியில் ஜம்னா என்ற இந்தியக் கப்பலும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து மூழ்கடித்த ஜப்பானின் ரோ-110.

பழைய ராஜ்புத் போருக்குப் பிறகு சில ஆண்டுகள் ஓடி, 1976-இல் உடைக்கப்பட்டது. நான்கே வருடத்தில் பெயர் திரும்பி வந்தது. இன்றைய உக்ரைனில் உள்ள நிகோலயேவில் கட்டப்பட்ட புதிய நாசகாரி, 1980 மே 4 அன்று ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் ஐ.என்.எஸ். ராஜ்புத் ஆனது. அதன் வகுப்பில் அடுத்து வந்தவை ராணா, ரஞ்சித். 1949-இன் மூன்று பெயர்களும் அப்படியே. பிறகு ரண்வீர், ரண்விஜய். அந்தப் புதிய ராஜ்புத்தின் முதல் தலைவர் கேப்டன் குலாப் மோகன்லால் ஹிரானந்தானி. ஓய்வுக்குப் பிறகு 1965 முதல் 1975 வரையிலான இந்தியக் கடற்படை வரலாற்றை எழுதியவரும் அவரே. காஸி பற்றிய இந்தியத் தரப்புத் தகவல்களில் பாதிக்கு மேல் அவர் தொகுத்ததிலிருந்துதான் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆக, இரண்டாம் ராஜ்புத்துக்குக் காஸியோடு ஒரு தொடர்பு தேட வேண்டுமென்றால், அது இவர் வழியாக மட்டும்தான்.

இரண்டாம் ராஜ்புத்துக்குச் சொந்தமாகவே போதுமான வரலாறு இருக்கிறது. இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் கடல் ரோந்து, 1988-இல் மாலத்தீவு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை முறியடித்த நடவடிக்கை, பிறகு பிரம்மோஸ் ஏவுகணையைக் கப்பலிலிருந்து முதலில் ஏவிச் சோதித்த தளம் என்ற பெருமை. 41 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2021 மே 21 அன்று விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் ஓய்வு பெற்றது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்ததால் அங்கேயே பணியிலிருந்த சிலரை மட்டும் வைத்து விழாவை முடித்துவிட்டார்கள். அடுத்த முறை யாராவது அந்தக் கப்பலின் படத்தைப் போட்டுக் காஸியைப் பற்றி எழுதினால், முன்தளத்தில் ஏவுகணைக் கூடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது 1971-இன் கப்பல் அல்ல.